மகளுக்காக எதை உறைய வைக்க வேண்டும்?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் மகளுக்கு ஒரு வயது பத்து மாதம். குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்திய அன்று என் தம்பி செல்போனில் எடுத்த படத்தில் அவளுடைய ஒரு கண்ணின் நடுவே வெள்ளையாக விழுந்திருந்தது. ஃபிளாஷ் கோளாறு என்று விட்டுவிட்டோம். பிறகு ஒரு நாள் ராத்திரி, சமையலறை டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தக் கண் பூனைக்கண் மாதிரி மின்னியது. பயந்துபோய் டாக்டரிடம் காட்டினோம். அவர் பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மயக்கம் கொடுத்துப் பார்த்து, எம்.ஆர்.ஐ.யும் எடுத்துவிட்டு, வலது கண்ணில் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி, ‘குரூப் இ’, கண்ணை எடுத்துவிட வேண்டும், ஒரு வாரத்துக்குள் வாருங்கள் என்றார்கள். இடது கண் சுத்தமாக இருக்கிறதாம். எடுத்த கண்ணைப் பரிசோதித்துவிட்டுத் தேவைப்பட்டால் கீமோ கொடுப்பார்களாம்.

இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. நாங்கள் போகவில்லை. தொடை ரத்தக்குழாய் வழியாகக் கண்ணுக்கே மருந்தைச் செலுத்திக் கண்ணைக் காப்பாற்றுவதை என் கணவர் யூடியூபில் பார்த்திருக்கிறார்; அதை விசாரிக்காமல் கண்ணை எடுக்கக் கூடாது என்கிறார். மாமியார், “பொம்பளப் பிள்ளைய ஒத்தக் கண்ணோட எப்படிக் கரை சேர்ப்பீங்க? கீமோ வேற குடுத்தா பிள்ளையே பிறக்காதே” என்று அழுகிறார். லண்டனில் ஒரு சின்னப் பெண்ணின் கருப்பையை உறைய வைத்து, பின்னால் அவளுக்குக் குழந்தை பிறந்ததாக வெளிநாட்டில் இருக்கும் என் கொழுந்தனார் சொல்கிறார். கீமோவுக்கு முன்னால் நாங்களும் அதைச் செய்ய வேண்டுமா? இவள் வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று நான் வாசலுக்கு வந்துவிட்டேன். அதனால்தான் இப்படி என்று வீட்டில் பேசுகிறார்கள். இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளவே பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

— வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே இரண்டு வரி உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன்: “உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அறுவைக்கு நாள் வாங்குங்கள். கிடைக்கிற முதல் நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.” அதைத்தான் இங்கேயும் முதலில் சொல்கிறேன். நாள் குறித்த பிறகு மீதியை நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள். அவருடைய பயம் சின்ன விஷயமில்லை. அதற்கும் பதில் சொல்லியிருக்கிறேன்.

கண்ணைப் பற்றி முதலில் பேசிவிடுவோம்.

உங்கள் மகளின் வயதில் கண் சுமார் இரண்டு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. அதன் உட்சுவரில் விழித்திரை இருக்கிறது. ஃபிளாஷ் அடித்தால் கண்மணியில் சிவப்பாகத் தெரிவது அந்த விழித்திரையிலிருந்து திரும்பி வரும் ஒளிதான். அங்கே சுண்ணாம்பு படிந்த வெள்ளைக் கட்டி வளர்ந்திருந்தால் ஒளி வெள்ளையாகத் திரும்பும். உங்கள் தம்பி எடுத்த படத்தில் விழுந்தது அதுதான். அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள். அவர் அதை எடுத்திராவிட்டால் இன்னும் சில மாதம் கழித்து, கண் சிவந்து வீங்கிய பிறகுதான் வந்திருப்பீர்கள். இந்த நோயுள்ள குழந்தைகள் நம் நாட்டில் அப்படித்தான் பலர் வந்து சேர்கிறார்கள். சிலருக்கு முதலில் மாறுகண் மட்டும் தெரியும். அதை ‘அதிர்ஷ்டக் கண்’ என்று வீட்டில் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள்.

கட்டி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஏ முதல் இ வரை பிரிக்கிறோம். ஏ, பி என்றால் லேசரிலும் உறைகுளிர் சிகிச்சையிலும் கீமோவிலும் கண்ணையும் பல நேரம் பார்வையையும் காப்பாற்றிவிடலாம். சி, டி என்றால் போராடிப் பார்க்கலாம். இ என்றால் கட்டி கண்ணின் பெரும்பகுதியை அடைத்துவிட்டது, அல்லது உள்ளே ரத்தக் கசிவு, கண் அழுத்தம் போன்றவை வந்துவிட்டன என்று அர்த்தம். அந்தக் கண்ணில் பயன்படும் பார்வை மிஞ்சியிருப்பது அபூர்வம். அதன் பின்புறத்தில் பார்வை நரம்பு இருக்கிறது. கட்டி மூளைக்குப் போகும் வழி அதுதான். இந்த நரம்பு வழியாகவும், விழித்திரைக்கு அடியிலுள்ள ரத்தநாள அடுக்கின் வழியாகவும்தான் இந்தப் புற்று கண்ணை விட்டு வெளியேறுகிறது. வெளியேறிவிட்டால் அது வேறு நோய். கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது எடுத்துவிட்டால் மிகப் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். வெளியேறிய பிறகு அந்தத் தைரியத்தை என்னால் கொடுக்க முடியாது.

உங்கள் கணவர் பார்த்த சிகிச்சை உண்மையானது. ஜப்பானில் கனேகோவும் அவருடைய குழுவினரும் தொடங்கிவைத்த வழி அது. 2006-ல் நியூயார்க்கில் டேவிட் ஆப்ராம்சனும் பியர் கோபினும் தொடை ரத்தக்குழாயில் மெல்லிய குழாயை நுழைத்து, கண்ணுக்குப் போகும் தமனியின் வாசல் வரை கொண்டுபோய் மெல்ஃபலான் என்ற மருந்தைச் செலுத்தினார்கள். உடம்பு முழுக்கப் போகாமல் ஒரு கண்ணுக்கு மட்டும், சில மில்லிகிராம் அளவில். பிறகு சுவிட்சர்லாந்தின் லோசானில் ஃப்ரான்சிஸ் முனியே, ஊசி போன தடத்திலேயே உறையவைத்துக் கட்டி செல்கள் வெளியே வராதபடி, கண்ணுக்குள் நேராக மருந்து போடும் பாதுகாப்பான முறையை 2012-ல் வெளியிட்டார். இந்தக் கண்ணில் ஊசி குத்தவே கூடாது என்று படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். இந்த இரண்டும் வந்த பிறகு, முன்பு எடுத்திருக்க வேண்டிய எத்தனையோ கண்கள் இன்று முகத்தில் இருக்கின்றன. நம் நாட்டிலும் செய்கிறார்கள். இதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை.

உங்கள் மகளுக்கு மட்டும் ஏன் அது வேண்டாம் என்கிறேன்? காரணம் இரண்டு. முதலாவது, அந்த மருந்து கண்ணுக்கு மட்டும்தான் போகும். ‘குரூப் இ’ கண்ணில் சில செல்கள் ஏற்கனவே நரம்புக்குள் நுழைந்திருந்தால் எம்.ஆர்.ஐ.யில் தெரியாது, மைக்ரோஸ்கோப்பில் மட்டுமே தெரியும். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கக் கண் கையில் இருக்க வேண்டும். கண்ணை உள்ளேயே வைத்து மருந்து கொடுத்தால் கட்டி சுருங்கும், எல்லாரும் சந்தோஷப்படுவோம். தப்பித்த செல்களை ஒருவரும் பார்த்திருக்க மாட்டோம். இரண்டாவது, இடது கண் நன்றாக இருக்கிறது. இரண்டு கண்ணிலும் கட்டி உள்ள குழந்தை என்றால் மோசமான கண்ணுக்காகக்கூடப் போராடுவோம். ஒரு கண் முழுப் பார்வையோடு இருக்கும் குழந்தையிடம், பார்வை திரும்பாத இன்னொரு கண்ணுக்காக உயிரைப் பணயம் வைக்க எனக்கு மனம் ஒப்பாது. ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் வார்ட்ராப் 1809-லேயே இந்தக் கட்டிக்குக் கண்ணை எடுப்பதுதான் வழி என்று எழுதினார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இப்படிப்பட்ட கண்ணுக்கு அதுவே சரியான சிகிச்சை. “பழைய வைத்தியம் செய்கிறார்கள்” என்று உங்கள் ஆஸ்பத்திரியைக் குறை நினைக்காதீர்கள். அவர்கள் சொன்னது சரி.

சில ஆண்டுகளுக்கு முன் இதே வயதில் ஒரு பையன் என்னிடம் வந்தான். அப்பா லாரி ஓட்டுபவர். கண்ணை எடுக்க வேண்டும் என்றதும் தலையாட்டிவிட்டுப் போனார். நாலு மாதம் வரவில்லை. யாரோ கொடுத்த பச்சிலைச் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். திரும்பி வந்தபோது குழந்தையின் முகத்தில் ஒரு துண்டைப் போட்டு மூடித் தூக்கி வந்தார். துண்டை விலக்கிப் பார்த்ததும் தாமதமாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் நாள் நான் அந்த அப்பாவிடம் பத்து நிமிடம்தான் பேசியிருந்தேன். எழுந்து போகிறவரை உட்காரவைத்து, மறுபடி ஒரு முறை சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து, “யோசித்துவிட்டு வருகிறோம்” என்று எழுந்திருக்கிற பெற்றோரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டுதான் அனுப்புகிறேன். மூன்றாம் நாள் நானே கூப்பிடுவேன். இந்தப் பதில் இவ்வளவு நீளமாக இருப்பதற்கும் அந்தக் குழந்தைதான் காரணம்.

அறுவை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். குழந்தை முழு மயக்கத்தில் இருப்பாள். கத்தி வைப்பதற்கு முன்பு மறுபடியும் இரண்டு கண்ணையும் பார்த்து, எந்தக் கண் என்று உறுதிசெய்து, நெற்றியில் அடையாளம் போட்டிருப்போம். ‘எந்தக் கண்’ என்று உங்களிடம் நான்கு பேர் நான்கு முறை கேட்பார்கள். எரிச்சல் வேண்டாம், அப்படித்தான் கேட்க வேண்டும். கண்ணை அசைக்கும் தசைகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, பார்வை நரம்பை முடிந்த அளவு நீளமாக விட்டு வெட்டி, கண்ணை முழுதாக எடுப்போம். அந்தக் குழியில் ஓர் உருண்டையைப் பொருத்தி, தசைகளை அதன் மேல் சேர்த்துத் தைத்துவிடுவோம். அதனால்தான் பின்னால் செயற்கைக் கண்ணும் ஓரளவு கூடவே அசையும். கட்டு அவிழ்ப்பதற்குள் பெரும்பாலான குழந்தைகள் ஓடியாடத் தொடங்கிவிடுவார்கள். வலி மருந்து கொடுத்துப் படுக்கவைத்த குழந்தை, அன்று சாயங்காலமே பக்கத்துக் கட்டில் பையனின் பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் தேம்பிக்கொண்டிருப்பது அம்மாக்கள்தான்.

ஏறக்குறைய ஆறு வாரம் கழித்துச் செயற்கைக் கண். ‘கல் கண்’ என்று ஊரில் சொல்வார்கள். கல்லுமில்லை, கண்ணாடியுமில்லை, அக்ரிலிக். குழியில் அச்செடுத்து, அந்த அளவுக்கு மெல்லிய ஓடு மாதிரி செய்வார்கள். செய்கிறவர் உங்கள் மகளை உங்கள் மடியில் உட்காரவைத்து, இடது கண்ணைப் பார்த்துப் பார்த்துக் கருவிழியின் பழுப்பை மெல்லிய தூரிகையால் தீட்டுவார். வெள்ளைப் பகுதியில் சிவப்புப் பட்டு இழைகளைப் பதித்து ரத்தநாளம் போலச் செய்வார். முடிந்ததும் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். எது என்று கண்டுபிடிக்கப் பக்கத்தில் வர வேண்டியிருக்கும். முகம் வளர வளர அதை மாற்றிக்கொள்ள வேண்டும். பல குழந்தைகள் ஒரு கண்ணில் நோய் வந்த நாளிலிருந்தே மற்றக் கண்ணால்தான் உலகத்தைப் பார்த்து வருகிறார்கள். உங்கள் மகளும் அப்படித்தான் இருந்திருப்பாள். தூரத்தையும் ஆழத்தையும் அதற்கேற்ப இப்போதே பழகியிருப்பாள். படிப்பாள், ஸ்கூட்டர் ஓட்டுவாள். இடது கண்ணைக் காப்பதற்கு, உடையாத பாலிகார்பனேட் கண்ணாடியை மட்டும் சிறு வயதிலேயே பழக்கிவிடுங்கள்.

இனி மாமியாரின் கேள்வி. கீமோ கொடுத்தால் பிள்ளை பிறக்காதா?

முதலில், உங்கள் மகளுக்குக் கீமோ தேவைப்படும் என்று இன்னும் முடிவாகவில்லை. எடுத்த கண்ணை நோயியல் மருத்துவர் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பார். நரம்பு வெட்டிய இடத்தில் செல் இருக்கிறதா, நரம்பினுள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, ரத்தநாள அடுக்கை எவ்வளவு அரித்திருக்கிறது என்று எழுதுவார். எதுவும் இல்லையென்றால் அறுவையோடு சிகிச்சை முடிந்தது. ஒரு கண்ணில் மட்டும் நோய் வந்து, கண்ணை எடுத்த குழந்தைகள் பலருக்கு ஒரு சொட்டுக் கீமோகூடத் தேவைப்பட்டதில்லை. ஆக, கீமோவை நினைத்துப் பயப்படுகிற குடும்பம்தான் அறுவைக்கு மற்றவர்களைவிட வேகமாகப் போக வேண்டும். நீங்கள் காத்திருந்த ஒவ்வொரு நாளும், பாட்டி எதைக் கண்டு அஞ்சுகிறாரோ அதைத்தான் பேத்திக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது. இதை அவருக்கு நிதானமாகச் சொல்லுங்கள், அவர் புரிந்துகொள்வார்.

கீமோ தேவைப்பட்டால், வழக்கமாகக் கொடுப்பது வின்கிரிஸ்டின், எட்டோபோசைடு, கார்போபிளாட்டின் என்ற மூன்று மருந்துகள். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு சுற்று. பெண்குழந்தையின் சினைப்பைக்கு, அதாவது கருமுட்டைகள் இருக்கும் உறுப்புக்கு, பெரும் எதிரிகள் வேறு: அதிக அளவில் கொடுக்கும் சைக்ளோபாஸ்பமைடு, புசல்ஃபான் போன்ற மருந்துகளும், இடுப்புப் பகுதிக்குக் கொடுக்கும் கதிர்வீச்சும். இந்த மூன்று மருந்துகளில் வின்கிரிஸ்டினும் எட்டோபோசைடும் சினைப்பையை அதிகம் தொடுவதில்லை. கார்போபிளாட்டின் கொஞ்சம் பாதிக்கலாம். ஆனால் பிறக்கும்போதே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருமுட்டைகளோடு பிறக்கிற குழந்தையிடம் இந்த வயதில் இருப்பு மிகுதி. உங்கள் மகள் வயதுக்கு வருவாள், பின்னாளில் தாயாவாள் என்று எதிர்பார்ப்பதே நியாயம். கார்போபிளாட்டின் விஷயத்தில் நான் கவலைப்படுவது காதுகளைப் பற்றி. அது கேட்கும் திறனைக் குறைக்கலாம். கீமோ என்று முடிவானால் தொடங்கும் முன்பும், இடையிடையேயும் செவித்திறன் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒரு கண் உள்ள குழந்தைக்குக் காது இன்னும் முக்கியம். கீமோ நாட்களில் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. நடு ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உங்கள் கொழுந்தனார் சொன்ன லண்டன் செய்தியும் உண்மைதான். ஒரு திருத்தம் மட்டும்: உறைய வைத்தது கருப்பையை அல்ல, சினைப்பையை. துபாயைச் சேர்ந்த அந்தப் பெண்ணுக்குப் பிறவியிலேயே பீட்டா தலசீமியா என்ற ரத்த நோய். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முன்பு கொடுக்கும் கடுமையான கீமோ சினைப்பையை அழித்துவிடும் என்பதால், ஒன்பது வயதில் லீட்ஸ் நகரில் அவளுடைய ஒரு சினைப்பையை எடுத்து, துண்டுகளாக்கி, மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் வைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து டென்மார்க்கில் அந்தத் துண்டுகளைத் திரும்பப் பொருத்தினார்கள். மாதவிடாய் வந்தது. 2016 டிசம்பரில் லண்டனில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. இதற்கு முன்னோடியாக 2004-ல் பெல்ஜியத்தில் ஜாக் டோனேயின் குழு, புற்றுநோயிலிருந்து மீண்ட ஒரு பெண்ணுக்கு அவளுடைய உறைந்த சினைப்பைத் திசுவைத் திரும்ப வைத்து, குழந்தை பிறந்ததை அறிவித்தது. உலகம் முழுக்க இந்த வழியில் இதுவரை இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். 2019-ல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இதைச் ‘சோதனை நிலை’ என்று சொல்வதையும் நிறுத்திக்கொண்டது. வயதுக்கு வந்த பெண்ணாக இருந்தால் பத்துப் பதினைந்து நாள் ஊசி போட்டுக் கருமுட்டைகளையே எடுத்து வைத்துவிடலாம். சிறுமிகளுக்கு அந்த வழி கிடையாது. அவர்களுக்குத் திசு ஒன்றுதான்.

இத்தனை சொல்லிவிட்டு உங்கள் மகளுக்கு இது வேண்டாம் என்கிறேன். ஒரு வயது பத்து மாதக் குழந்தையின் சினைப்பை மிகச் சிறியது. உறைய வைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒன்றை முழுதாகவே எடுக்க வேண்டும். கெடாமல் இருக்கப்போகிற ஒரு சினைப்பையை, கெட்டுவிடுமோ என்ற பயத்தில் நாமே வெட்டி எடுத்ததாகிவிடும். கூடவே இன்னொரு மயக்கம், இன்னொரு அறுவை, சிகிச்சையில் இன்னொரு தாமதம். இந்தக் கணக்கு மாறுகிற இடம் ஒன்று உண்டு. புற்று கண்ணை விட்டு வெளியே பரவி, உச்ச அளவுக் கீமோ கொடுத்து, ரத்தத்தை உருவாக்கும் குழந்தையின் சொந்த ஸ்டெம் செல்களைத் திரும்ப ஏற்றும் நிலை வந்தால் சினைப்பைக்கு உண்மையான ஆபத்து. அப்போது புற்றுநோய் மருத்துவரிடம் நீங்களே இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அவர் மறந்திருந்தால் நினைவுபடுத்துங்கள். அந்த நிலைக்குப் போகாமல் இருக்கத்தான் இந்த வாரமே அறுவை என்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. இந்தப் பதிலில் மிக முக்கியமான பகுதியும் இதுதான். உறைய வைக்க வேண்டிய ஒரு பொருள் உங்கள் மகளிடம் இருக்கிறது. அது அந்தக் கட்டியின் ஒரு துண்டு.

காரணத்தைச் சொல்கிறேன். நம் ஒவ்வொரு செல்லிலும் 13-ஆம் குரோமோசோமில் ஆர்பி1 என்றொரு மரபணு இருக்கிறது. அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. செல் கண்டபடி பெருகாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. ஸ்கூட்டரின் முன் பிரேக், பின் பிரேக் மாதிரி. ஒன்று போனாலும் மற்றது நிறுத்திவிடும். விழித்திரையில் ஒரு செல்லில் இரண்டும் போனால்தான் இந்தக் கட்டி. அமெரிக்காவில் ஆல்ஃப்ரட் நட்சன் வெறும் 48 நோயாளிகளின் விவரங்களை வைத்துக்கொண்டு 1971-ல் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னார். 1986-ல் அந்த மரபணுவையே கண்டுபிடித்தார்கள். புற்றைத் தடுக்கும் மரபணு என்று மனிதர்கள் கையில் பிடித்த முதல் மரபணு அது.

சில குழந்தைகளுக்கு ஒரு பிரேக் கருவிலேயே போயிருக்கும். உடம்பின் எல்லாச் செல்லிலும் அந்தப் பழுது இருக்கும். மற்றவர்களுக்கு இரண்டும் அந்த ஒரே செல்லில் பின்னால் போனவை. இரண்டு கண்ணிலும் நோய் வந்த குழந்தைகள் கிட்டத்தட்ட எல்லாரும் முதல் வகை. உங்கள் மகளைப்போல ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் முதல் வகையாக இருப்பார்கள். அவள் எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் இடது கண்ணை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மயக்கத்தில் பார்க்க வேண்டும், கதிர்வீச்சை எவ்வளவு கவனமாகத் தவிர்க்க வேண்டும், பெரியவளான பிறகு எலும்பில் வலி, வீக்கம் என்றால் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதெல்லாம் அமையும். நாளைக்கு அவள் பெறப்போகும் குழந்தைகளின் கணக்கும் அதில்தான் இருக்கிறது. முதல் வகை என்றால் அவளுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தப் பழுது போக, பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ரத்தத்தில் மட்டும் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ‘இல்லை’ என்பதா, ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்பதா என்று குழப்பம் மிஞ்சும். கட்டியின் புதிய திசு இருந்தால் அதில் என்னென்ன பழுது என்று முதலில் பார்த்து, அதே பழுது ரத்தத்தில் இருக்கிறதா என்று தேடலாம். ரத்தத்தில் அது இல்லையென்றால் ஏறக்குறைய முழு நிம்மதி. கண்ணை ஃபார்மலினில் போட்டு மெழுகில் பதித்துவிட்டால் அதிலிருந்து மரபணுவைப் படிப்பது கடினமாகிவிடும். ஆகவே அறுவைக்கு முந்தைய நாளே மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: “ஆர்பி1 சோதனைக்காகக் கட்டியில் கொஞ்சம் உறைய வைக்க முடியுமா? குழந்தையின் ரத்தமும் எடுத்து வைப்பீர்களா?” நரம்பையும் ரத்தநாள அடுக்கையும் பரிசோதிக்க இடைஞ்சல் இல்லாமல் எங்கிருந்து எடுப்பது என்பது அவர்களுக்குத் தெரியும். சோதனைக்கு இப்போது பணம் இல்லையென்றாலும் பரவாயில்லை, திசு காத்திருக்கும். சென்னை சங்கர நேத்ராலயாவும் மதுரை அரவிந்தும் இந்த மரபணுவில் நீண்ட காலமாக ஆய்வு செய்கிற இடங்கள். தமிழ்நாட்டிலேயே வழி இருக்கிறது. அறுவைக்குப் போகும்போது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் கொண்டுபோய், எந்தெந்தச் செலவு அதில் வரும் என்று கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் துண்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு என்ன செய்யும் தெரியுமா? மரபணுவில் பழுது இருப்பது உறுதியானால், உங்கள் மகள் கருத்தரிக்க விரும்பும்போது சோதனைக்குழாய் முறையில் கருவை உருவாக்கி, ஐந்தாம் நாளில் அதன் சில செல்களை மட்டும் எடுத்துப் பார்த்து, அந்தப் பழுது இல்லாத கருவைக் கருப்பையில் வைக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமாவுக்காக இப்படித் தேர்ந்தெடுத்த கருவிலிருந்து முதல் குழந்தை பிறந்த செய்தி நியூயார்க்கிலிருந்து 2004-ல் வந்தது. மரபணுவின் எந்த இடத்தில் பழுது என்று முன்பே தெரிந்திருந்தால்தான் கருவில் அதைத் தேட முடியும். “பேத்திக்குப் பிள்ளை பிறக்குமா” என்று அழுகிற பாட்டிக்கு நான் கொடுக்கக்கூடிய நேர்மையான பதில் இது: பிறக்கும், நோயில்லாமல் பிறக்கவும் வழி இருக்கிறது. அதற்கான சாவி இப்போது எடுக்கப்போகிற கண்ணுக்குள் இருக்கிறது. குப்பைக்குப் போகவிடாதீர்கள்.

உங்களுடைய அடுத்த குழந்தையைப் பற்றியும் இதே சோதனை பேசும். மகளின் ரத்தத்தில் பழுது இருந்தால் உங்கள் இருவருக்கும் சோதிப்பார்கள். அதற்கு முன்னாலேயே நீங்களும் கணவரும் ஒரு முறை கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வளராமல் தானே அடங்கிப்போன கட்டியின் தழும்பு சிலருக்கு அவர்களே அறியாமல் இருக்கும். அடுத்த குழந்தை பிறந்தால், சோதனை முடிவு எதுவும் கையில் இல்லாவிட்டால், பிறந்த முதல் வாரத்திலேயே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பெற்றுக்கொள்ளவே கூடாது என்று எந்த மருத்துவரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

கிரகணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அன்று நீங்கள் வாசலுக்கு வந்ததால் உங்கள் மகளுக்கு எதுவும் ஆகவில்லை. இந்தப் பழுது, செல் இரண்டாகப் பிரியும்போது மரபணுவைப் படியெடுப்பதில் நேரும் பிழை. நீங்கள் சாப்பிட்டதாலோ, பார்த்ததாலோ, நடந்ததாலோ வருவதில்லை. உங்கள் கணவர் செய்த எதனாலும் வருவதில்லை. நம் ஊரில் கிரகணமே தெரியாத ஆண்டில் கருவானவர்களும், கிரகணம் என்றால் என்னவென்றே அறியாத வீட்டுக் குழந்தைகளும் இதே நோயோடு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊட்டிக்கொண்டும் தூங்கவைத்துக்கொண்டும் அந்தப் பேச்சையும் சுமக்காதீர்கள். வேண்டுமானால் இந்தப் பத்தியை மட்டும் தனியாக வெட்டி வீட்டில் கொடுங்கள்.

அறுவை முடிந்து ஏழெட்டு நாளில் நோயியல் அறிக்கை வரும். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள்: பார்வை நரம்பு, நரம்பு வெட்டிய விளிம்பு, ரத்தநாள அடுக்கு. மூன்றையும் அப்படியே போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் மருத்துவர் சொல்வதை நான் மாற்றப்போவதில்லை. அவர் சொன்னது உங்களுக்குப் புரியாமல் இருந்தால் எளிமையாகச் சொல்கிறேன். கட்டித் துண்டை எடுத்து வைத்தார்களா என்றும் ஒரு வரி எழுதுங்கள்.